ஆள் குறைந்த வார்டு

இப்போதெல்லாம் காரியம் இல்லாமல் எவனும் கதவைத் தட்டுவதில்லை. இது இஸ்திரிக்காரரின் கட்சி. முன்பு துணி கொடுக்க வந்தவன் ஐந்து நிமிஷம் நின்று ஊர் வம்பு பேசிவிட்டுப் போவான். இப்போது மூட்டையைப் பலகைமேல் எறிந்துவிட்டு, காதில் போனை வைத்தபடி கையாலேயே 'சாயங்காலம் வரேன்' என்று காட்டிவிட்டுப் போகிறான். தப்பித்தவறி ஒருவன் சிரித்த முகமாக நின்று "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால், அவனுக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

அதனால்தான் தூறலில் கவுன்சிலர் குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் வந்து, "சாப்டியாண்ணே?" என்று கேட்டபோது அவர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. கவுன்சிலர் அவருடைய கூடப்பிறந்த தங்கைதான். இருந்தால் என்ன? அவளும் இந்தக் காலத்தில்தானே இருக்கிறாள்.

"என்ன வேணும்? நேரா சொல்லு."

"தங்கச்சி சும்மா வரக்கூடாதா?"

"ஆதாயம் இல்லாம எவனாவது ஆத்துல இறங்குவானா?"

அவள் சிரித்துவிட்டுத் துணி மூட்டையின் மேலேயே உட்கார்ந்தாள். "வார்டைத் தூக்கப் போறாங்கண்ணே. ஆள் பத்தலையாம். இந்தத் தலைக்கணக்குல அவங்க வெச்ச அளவுக்குக் கீழ போச்சுன்னா பாலத்துக்கு அந்தப் பக்கத்து வார்டோட சேர்த்துடுவாங்க. அப்புறம் மன்றத்துல நமக்குன்னு ஒரு நாற்காலி கிடையாது. குழாய் உடைஞ்சாக்கூட அங்க போய்த்தான் கைகட்டி நிக்கணும்."

ஆள் பற்றாதது அவருக்குத் தெரியாத செய்தி இல்லை. நூல் ஆலை மூடியதிலிருந்து மூட்டைகள் இளைத்துக்கொண்டே வந்தன. முதலில் ஆலைச் சீருடைகள் நின்றன. பிறகு பள்ளிச் சீருடைகள். இப்போது வருவதெல்லாம் காலர் நைந்த கிழவர் சட்டைகள். எதிரே இருக்கும் அடுக்கு வீட்டில் விளக்கு எரியும் ஜன்னல்களை ஒரு கை விரலில் அடக்கிவிடலாம். தங்கை தேர்தலில் ஜெயித்ததே எதிர்த்து நிற்க ஆள் இல்லாததால்தான் என்று அவர் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். அவளிடமும்தான்.

"அதுக்கு என்னை என்ன பண்ணச் சொல்ற? இந்த வயசுல புள்ள பெத்துக்கட்டுமா?"

"பெத்தது ஒண்ணு இருக்கே, அது போதும்."

பெட்டி துணிமேல் நின்றுவிட்டது. கருகும் வாசனை வந்த பிறகுதான் எடுத்தார்.

குழாயில் தண்ணீர் நின்ற வருஷம் மகன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போனான். "தாண்டினா திரும்பி வராதே, இந்த வாசப்படி உனக்கு இல்ல" என்றவர் இவர்தான். வீம்புக்குச் சொன்னது. மகன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். அப்பனின் வீம்பு பிள்ளைக்கு வராமல் பக்கத்து வீட்டுக்காரனுக்கா வரும்?

"வெளிய போன புள்ளைங்களையெல்லாம் வரச் சொல்லியிருக்கோம்," என்றாள் தங்கை. "கணக்கெடுக்க வர்றப்ப இங்கதான் இருக்கோம்னு சொன்னாப் போதும். உன் மகன்கிட்டயும் பேசிட்டேன். வரேன்னுட்டான்."

"என்னைக் கேக்காமயா?"

"கேட்டிருந்தா மட்டும் ஒத்துக்கிட்டிருப்பியா?"

மகன் ஒரு பையோடு தனியாக வந்தான். கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றான். காதோரம் நரைத்திருந்தது. அதை அவர் பார்த்தார், பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

"அந்த ஸ்டூல்ல உக்காரு. கால் ஆடும், பாத்து."

"இன்னும் அதே ஸ்டூலாப்பா?"

"நான் எதையும் தூக்கி எறியறதில்ல."

மகன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

தெரு ஒரே வாரத்தில் ஆள் நடமாட்டமாகிவிட்டது. பூட்டியிருந்த வீடுகளில் கதவு திறந்தது, மாடிக் கொடிகளில் துணி காய்ந்தது. "வாடகைக் கூட்டம்" என்று முணுமுணுத்தார் இஸ்திரிக்காரர். மகன் அவர் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வந்தான். "அத்தை சொல்லிக் கொடுத்தாளா?" என்றார். ஸ்டூல் காலுக்கு ஆப்பு அடித்தான். கணக்கெடுக்க வருபவள் உட்கார வேண்டுமே என்று நினைத்துக்கொண்டார். ஏணி வைத்துத் தகரக் கூரைமேல் ஏறி ஒழுகும் இடத்தில் தார் பூச ஆரம்பித்தான். ஆள் குடியிருக்கிற வீடு மாதிரி தெரிய வேண்டாமா, அதற்குத்தான்.

இவ்வளவு தெளிவாக இருந்த மனுஷன், மகனின் சட்டைகளைப் பையிலிருந்து எடுத்து, தண்ணீர் தெளித்து, காலரும் கையும் மடிப்பு விழாமல் தேய்த்து ஆணியில் மாட்டினார். எதற்கு என்று கேட்டிருந்தால் கைப்பழக்கம் என்றிருப்பார். காலையில் இரண்டு டம்ளர் எடுத்து வைப்பதும் அதற்குள் கைப்பழக்கமாகிவிட்டது. இங்கேயே இருந்துவிடுவானோ என்று ஒரு நினைப்பு ஓடியது. அதைத் துரத்தினார். அது கடைநாய் மாதிரி போய்ப் போய்த் திரும்பி வந்தது.

கணக்கெடுக்கிற பெண் ஒரு மத்தியானம் வந்தாள். கவுன்சிலரும் கூடவே வந்து வாசலில் நின்றாள். மேலே கூரையில் மகன் தகரத்தைத் தட்டும் சத்தம்.

"வீட்ல எத்தனை பேர் பெரியவரே?"

அதிகாரிகளிடம் அவர் பொய் சொன்னதில்லை; உண்மையும் சொன்னதில்லை. வாயே திறக்க மாட்டார். அன்று திறந்தார்.

"ரெண்டு பேரு."

அந்தப் பெண் எழுதப் போனாள். அவள் கேட்காமலே மேலும் சொன்னார்: "நானும் என் மகனும். அவன் எங்கயும் போகல. இங்கதான் இருக்கான்."

கூரைச் சத்தம் நின்றது. மகன் தார்க் கையோடு ஏணியில் இறங்கி வந்தான்.

"ஒருத்தர்தாங்க. என்னை என் வீட்லயே எழுதியாச்சு. இங்க வர்றதுக்கு முன்னாடியே."

அந்தப் பெண் திருத்திக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். கவுன்சிலர் வாசலிலிருந்து உள்ளே வந்தாள். "அட பாவி! அப்ப எதுக்குடா வந்த?"

"நீங்க கூப்பிட்டது ஒரு சாக்கு அத்தை. சாக்கு இல்லாம வந்தா இவர் உள்ள விடுவாரா?" அவன் அப்பாவைப் பார்த்தான். "அங்க என் வீட்ல கீழ ஒரு ரூம் காலியா இருக்குப்பா. ரோட்டைப் பாத்த ரூம். பலகையைப் போட்டு அங்கயே தேய்க்கலாம். வாங்களேன்."

அவன் கண் கலங்கியிருந்தது. இஸ்திரிக்காரர் அதையும் பார்த்தார். ஒரு வார்த்தை 'சரி' என்றால் போதும். நெஞ்சு அதைத் தொண்டைவரை கொண்டுவந்தது. வாய் வேறொன்றைச் சொன்னது.

"ஏன், அங்கயும் ஆள் பத்தலையா?"

கவுன்சிலர் தலையில் அடித்துக்கொண்டாள். மகன் கையில் இருந்த தாரைக் கந்தலில் துடைத்தான், வெகு நேரம் துடைத்தான். பிறகு ஆணியில் இருந்த சட்டைகளை மடிப்புக் கலையாமல் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, "வரேம்பா" என்றான். போகிறவன் சொல்கிற 'வரேன்' அது.

வார்டு போய்விட்டது. வாடகைக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு இரண்டு வீட்டிலும் பேர் இருந்ததைக் கண்டுபிடித்து, இங்கே எழுதியதை அடித்துவிட்டார்கள். மழைக்காலம் முடிகிற சமயத்தில் வார்டு அலுவலகத்துப் பலகையைக் கழற்ற, தங்கைக்கு ஏணி பிடிக்கப் போனார் இஸ்திரிக்காரர். வேறு யாரும் வரவில்லை. உள்ளே ஒரு மேஜையும் ஈரம் ஏறிய நாற்காலிகளும் மட்டும் கிடந்தன.

"இப்ப நீயும் உன் மகனும் ஒரே வார்டுண்ணே," என்றாள் அவள் மேலிருந்து. "காயிதத்துலயாவது சேர்ந்தீங்க."

"ஆணியைப் பாத்துப் பிடுங்கு."

"இந்த மழையில கூரை ஒழுகிச்சா?"

"இல்ல."

"அவனுக்கு அதுல என்ன ஆதாயம், சொல்லு பாப்போம். உனக்காகத்தான் வந்தான். இப்பவாவது நம்பேன்."

அதை அவர் யோசிக்காமல் இல்லை. மழை பெய்த நாளெல்லாம் காய்ந்த கூரையை அண்ணாந்து பார்த்து யோசித்தவர்தான். எங்கே துழாவியும் ஆதாயம் கையில் சிக்கவில்லை. சிக்கவில்லை என்பதற்காக இல்லை என்று ஆகிவிடுமா?

"எதுக்கோ வந்தான்," என்றார்.

பலகையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, தங்கை கூப்பிடக் கூப்பிட நடந்தார். முக்கில் பாலத்துக்கு ஒரு வழியும் கடைக்கு ஒரு வழியும் பிரிந்தன. அங்கே கொஞ்சம் நின்றார், முழங்கால் வலிக்காக. பிறகு கடைப்பக்கம் திரும்பினார்.