முதிரைக் கட்டில்

என் வீட்டில் புதுச்சாமான் என்றால் சுவரில் தொங்கும் கலண்டர் ஒன்றுதான். துறைமுகப் பட்டறையில் முப்பது வருடம் வெல்டிங் செய்தவன் நான். உடைந்ததைத் தூக்கி எறிகிறவர்களைக் கண்டாலே பத்திக்கொண்டு வரும். கட்டிலின் ஒரு காலைக் கறையான் தின்றுவிட்டது என்றதும் ரொறன்ரோவிலிருந்து மகள் லதுஷா சொல்கிறாள்: "புதுசா ஒண்டு வாங்குங்கோவன் அப்பா." முதிரை மரத்துக் கட்டில்! இப்போது கடையில் விற்கிறதெல்லாம் பலமாகத் தும்மினாலே ஆணி கழன்றுவிடும்.

லிங்கநகரில் மரவேலை என்றால் ஓடாவி லாபிர்தான். வரச்சொன்னேன். அகலத்தைக் குறைத்து ஒற்றைக் கட்டிலாக்கி, மிஞ்சும் பலகையில் விறாந்தையில் இருக்க ஒரு வாங்கு அடிக்கச் சொன்னேன்.

கைவாளை எடுத்தவர் அப்படியே நின்றார். "அக்கா வந்தா எங்க படுப்பா, றொபேட் அண்ணன்?"

என் மனைவி இன்பமலர், லதுஷாவின் பிள்ளைப்பேறு பார்க்க ஆறு மாதத்துக்கென்று போனவள். மூன்று வருடமாகிறது. இரண்டாவது பிள்ளைக்கும் பல் முளைத்துவிட்டது. எப்போது வருவாய் என்று நான் கேட்டதேயில்லை. வரமாட்டேன் என்றுவிடுவாளோ என்று பயம்.

"அவட்ட ஒருக்காக் கேளுங்க. ரெண்டு பேர்ட கட்டில்தானே," என்றார் லாபிர்.

உள்ளதைச் சொல்கிறேன். இந்த வேலையே அதற்காகத்தான். வெட்டப்போகிறேன் என்றால் அவள் ஒரு சத்தம் போடுவாள், நான் வந்து எங்கே படுக்கிறது என்று கேட்பாள். அந்த ஏச்சுக்காகத்தான் காத்திருந்தேன்.

போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். ரொறன்ரோவில் பிள்ளைகளைப் படுக்கப் போடுகிற நேரம்.

"இன்பம், கட்டிலைக் குறுக்கப்போறன். ஒரு ஆள் படுக்கிற மாதிரி."

"நல்லதுதானே," என்றாள் உடனே. "சும்மா அறையை அடைச்சுக்கொண்டு கிடக்குது. யன்னல் பக்கமாப் போடுங்கோ, காத்து வரும். பொறுங்கோ, சின்னவன் அழுறான். வைக்கிறன்."

ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. கிணற்றுக்கட்டின்மேல் குந்திவிட்டேன். அவளில் பிழையில்லை. அங்கே அவளைத் தேடி அழ ஒரு பிள்ளை இருக்கிறது. எனக்கும் அழத் தெரியும், யார் கேட்கிறார்கள்?

உள்ளே வந்தேன். லாபிர் வாளோடு காத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னவ?"

"ஐயோ, நல்ல பேச்சு வாங்கினன் லாபிர். வெட்டினா வீட்டுப்படி ஏறமாட்டாவாம். நான் வந்து நிலத்திலையோ படுக்கிறதெண்டு கேக்கிறா."

அவர் முகமெல்லாம் சிரிப்பு. "நான் சொன்னன்தானே!" வாளைப் பையில் போட்டார். வீட்டுக்குப் பின்னால் கோடியில் கிடந்த பழைய கதவுநிலையில் ஒரு துண்டை அறுத்து, மத்தியானத்துக்குள் கால் செதுக்கிப் பூட்டிவிட்டார். கட்டிலில் தானும் இருந்து பார்த்தார், என்னையும் பக்கத்தில் இருத்தினார்.

"இனி ரெண்டு பேர் பாரம் தாங்கும்," என்றார். "அக்கா எப்ப வாறா?"

"வாற மாசம்," என்றேன்.