மஞ்சள் கைப்பட்டை

காலையில் கதாநாயகனைக் காணோம்.

ஓர் உதவி இயக்குநருக்கு இதைவிட மோசமான செய்தி ஒன்றுதான் உண்டு. இயக்குநர் எழுந்துவிட்டார் என்பது. எனக்கு இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்தன.

"லூயி! நேதன் எங்கய்யா?" கூடாரத்துக்குள்ளிருந்து ஸாண்டரின் குரல்.

"ஷேவ் பண்ணிட்டிருக்கார் சார்."

பொய். அவன் படுக்கையைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். போர்வை மடிப்புக் கலையவில்லை.

நேதன் கெல்மன் மற்ற நடிகர்களைப் போல ஹோனலூலு ஓட்டலில் தங்கவில்லை. நியூயார்க்கில் ஏதோ ஒரு மாடியறையில், 'நடிக்காதே, வாழ்' என்று சொல்லிக்கொடுக்கிறார்களாம். அங்கே படித்தவன். படத்தில் அவன் சிப்பாய் என்பதால், ராணுவத்திடம் அனுமதி வாங்கி, மூன்று வாரமாக நிஜச் சிப்பாய்களோடு முகாமிலேயே படுத்துக்கொண்டிருந்தான். உருளைக்கிழங்கு உரித்தான். கழிவறை கழுவினான். நொண்டி நடக்க வேண்டிய காட்சிக்காகப் பூட்ஸுக்குள் சரளைக்கல் போட்டுக்கொண்டு அன்னாசித் தோட்டம் முழுக்க ஓடினான்.

"கல்லு எதுக்குடா? நொண்டற மாதிரி நடந்தா நொண்டியாச்சு," என்பார் பீட்ரி. ஹார்லன் பீட்ரி, குதிரைப்படைப் படங்களின் பழைய கதாநாயகன். இந்தப் படத்தில் சார்ஜென்ட். "நான் முப்பது வருஷமா திரையில செத்துட்டிருக்கேன் லூயி. ஒரு தடவையாவது நிஜமா செத்திருக்கேனா?"

அன்றைக்கு மதியம் பன்னிரண்டு மணிக்குப் படத்தின் கடைசிக் காட்சியை எடுக்க வேண்டும். கொரியாவுக்குக் கப்பலேறப் போகிற படைப்பிரிவு முழுதும் மூட்டை முடிச்சோடு மைதானத்தில் அணிவகுக்கும். அது நிஜ அணிவகுப்பு. ஓரமாகக் கேமராவை வைத்துக்கொள்ளலாம் என்று பெரிய மனசு பண்ணியிருந்தார்கள். தன் அணி தன்னை விட்டுவிட்டுப் போவதைக் கதாநாயகன் ஓரத்தில் நின்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு தடவைதான். இரண்டாம் தடவை எடுக்க, போரைத் தள்ளி வைக்கச் சொல்ல முடியுமா?

சமையல்கட்டுக்காரன்தான் துப்பு கொடுத்தான். "உங்க ஆளா? காவல் கொட்டடியில உக்காந்திருக்கான். கஞ்சி கொடுத்துட்டு வந்தேன். மூஞ்சிய சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டான்."

ஸாண்டரிடம் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். மனிதர் கையைத் தட்டினார்.

"கொட்டடியிலயா? தானாவா போனான்? ஆஹா! அடுத்த வாரம் சிறைக் காட்சி. அதுக்குத் தயாராகறான்! இதுதான்யா நடிப்பு!" சட்டென்று முகம் மாறியது. "பன்னிரண்டு மணிக்கு மைதானத்துல இருக்கணும். இல்லன்னா நாளைக்குக் கப்பல்ல நீ போ."

பீட்ரியும் கூடக் கிளம்பினார். சார்ஜென்ட் உடையில், இடது கையில் மஞ்சள் பட்டையோடு. அந்தப் பட்டை ராணுவத்தின் கட்டளை. முதல் வாரம் எங்கள் துணை நடிகன் ஒருவன் லெப்டினன்ட் உடையில் போய், நிஜச் சிப்பாய்கள் இருபது பேரை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டுவிட்டான். அன்றிலிருந்து எங்கள் சிப்பாய்கள் எல்லோரும் மஞ்சள் பட்டை கட்ட வேண்டும். கேமரா ஓடும்போது மட்டும் கழற்றலாம்.

கொட்டடி வாசலில் கார்ப்பரல் ஹிக்ஸ். முந்தின நாள் மாலைதான் பொறுப்பேற்ற ஆள்.

"உள்ள ஒரே ஒருத்தன்தான் இருக்கான். வெர்னன் கோப். கேப்டனைத் திட்டினான், மூணு நாள் தண்டனை. இன்னிக்கு சாயங்காலம் வெளிய விட்டு நாளைக்குக் கப்பல்," என்றார்.

கம்பி வழியாகப் பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தது நேதன். சட்டையில் 'கோப்' என்று பெயர். அடப்பாவி, வேடத்துக்குப் பேர் வேறு மாற்றிக்கொண்டாயா? 'ஐயா, இவன் சிப்பாயே இல்லை, நடிகன்' என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

நேதன் நிமிர்ந்தான். தலையை லேசாக, மிக லேசாக ஆட்டினான். வேண்டாம்.

மூன்று வாரத்தில் அவன் முகத்தில் நான் பார்க்காத பாவம் கிடையாது. கோபம், வெறி, அழுகை எல்லாம் பார்த்தாயிற்று. இது புதுசு. கெஞ்சினான். கேமராவே இல்லாத இடத்தில் யாருக்காக?

வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குள் ஹிக்ஸ் பீட்ரியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "சார்... நீங்க... ஓடற குதிரை மேல நின்னுக்கிட்டே சுடுவீங்களே!"

"ரெண்டு கையாலயும் சுடுவேன் தம்பி." பீட்ரிக்கு மார்பு விரிந்தது. "வெளிய வா, துப்பாக்கிய விரல்ல எப்படிச் சுத்தறதுன்னு காட்டறேன்."

வராந்தாவுக்குப் போனார்கள். நான் கம்பிக்குள் ஒரு சிகரெட்டை நீட்டினேன்.

"என்னடா இது? தயாராகறியா?"

"தயாராவது மண்ணாங்கட்டியாவது!" கிசுகிசுத்தான் நேதன். "வெர்னன் என் பக்கத்துப் படுக்கை. அவன் அண்ணன் கொரியாவுல தீயில மாட்டிக்கிட்டான். மலைமேல ஆஸ்பத்திரியில கிடக்கான், இன்னிக்குக் காலையில விமானத்துல ஊருக்கு அனுப்பறாங்க. பாக்கணும்னு கேட்டான். கேப்டன் முடியாதுன்னுட்டார். இவன் திட்டினான், உள்ள போட்டாங்க."

"அதுக்கு நீ?"

"நேத்து சாயங்காலம் அவனைக் குப்பை கொட்டக் கூட்டிட்டுப் போனாங்க. சமையல்கட்டுப் பின்னாடி சட்டைய மாத்திக்கிட்டோம். காவலும் மாறிச்சு. காலையில குப்பை கொட்டறப்ப வந்து மாத்திக்கறேன்னான். வரல."

"ஓடிட்டானா?"

"வெர்னனா? ஓட மாட்டான். ஏதாவது தாமதமானா பக்கத்து ஊர் வஹியாவாவுல நூடுல்ஸ் கடையில உக்காந்திருக்கேன்னு சொல்லியிருக்கான். வேலியோரம் இன்னிக்குக் காவல் ரெட்டிப்பு, அதான் வர முடியல. லூயி, நான் யாருன்னு நீ இப்ப சொன்னா, நான் வெளிய வந்துடுவேன். அவன்? நாளைக்குக் கப்பல், இன்னிக்கு ஆள் இல்ல. போர் நேரத்துல அதுக்கு என்ன பேரு தெரியுமில்ல?"

தெரியும். நான் ஹோனலூலுக்காரன், என் பள்ளித் தோழர்கள் நாலு பேர் கொரியாவில் இருக்கிறார்கள். ஓடிப்போனவன் என்ற பேர் வந்தால் அப்புறம் வாழ்நாள் முழுக்க அதுதான் பேர்.

வராந்தாவில் துப்பாக்கி தரையில் விழுகிற சத்தம் கேட்டது. "வயசாயிடுச்சு தம்பி, இன்னொரு தடவை," என்றார் பீட்ரி.

எங்கள் உடுப்பு லாரியை டிரைவர் அகானா ஓட்டினான். ஊருக்குள் போய்த் துணை நடிகர்களை ஏற்றி வருவது தினமும் நடப்பதுதான். நாலு பையன்கள் வழக்கமான இடத்தில் ஏறிக்கொண்டார்கள். நூடுல்ஸ் கடை முன் நிறுத்தச் சொன்னேன்.

மூலை மேஜையில் பூப்போட்ட சட்டை அணிந்த ஓர் இளைஞன். எதிரே ஆறிப்போன கிண்ணம். நான் உள்ளே நுழைந்ததும் பின்கதவைப் பார்த்தான்.

"நேதன் அனுப்பினான். சினிமாக்காரன் நான்."

மூச்சு விட்டான். "விமானம் தாமதம் சார். அண்ணனுக்கு உடம்பு முழுக்கக் கட்டு, விரல் மட்டும்தான் வெளிய இருந்துச்சு. என் விரலப் பிடிச்சவன் விடல. நான் எப்படி உருவிக்கிட்டு வருவேன்?"

அவனை லாரியில் ஏற்றி, ஒரு சீருடையைத் தூக்கிப் போட்டேன். இடது கையில் மஞ்சள் பட்டையைக் கட்டினேன்.

"இப்ப நீ யாரு?"

"சிப்பாய் சார்."

"இல்ல. சிப்பாயா நடிக்கற பழக்கடைப் பையன். ஞாபகம் வெச்சுக்கோ."

முகாம் வாசல். அங்கே காவல் நிற்பவனுக்கு எங்கள் பையன்கள் தினசரி வேடிக்கை. லாரியை நிறுத்தி எல்லோரையும் சல்யூட் அடிக்கச் சொல்லி வயிறு குலுங்கச் சிரிப்பான். அன்றும் நிறுத்தினான்.

"எங்கே, ஹாலிவுட் பட்டாளம்! அடிங்க பாப்போம்!"

நாலு பேரும் ஈ விரட்டுவது போலக் கையை ஆட்டினார்கள். ஐந்தாவது கை கத்தி மாதிரி எழுந்து, புருவத்தோரம் போய் அசையாமல் நின்றது.

காவலன் சிரிப்பை நிறுத்தினான்.

வெர்னனின் கை அவனைக் கேட்காமலே போய்விட்டது. பழக்கதோஷம்.

தலையில் அடித்துக்கொண்டு கீழே குதித்தேன். "மூணு வாரமா சொல்றேன், மரமண்டைக்கு ஏறுதா பாருங்க! விறைச்சுக்கிட்டு நிக்கறான், ஐஸ்பெட்டியில வெச்ச மீன் மாதிரி! இதுவா சல்யூட்? அண்ணே, நீங்களே காட்டுங்க இவனுக்கு!"

காவலன் தயங்கினான். அப்புறம் பெருமை ஜெயித்தது. நேராக நின்று ஒன்று வைத்தான். "இப்படி! பாத்தியா? இப்ப நீ அடி."

வெர்னன் அடித்தான். கடவுளே, என்ன அடி! முழங்கை தொங்கியது, கட்டை விரல் தனியாக எங்கேயோ பார்த்தது, தொப்பி சரிந்து மூக்கில் இறங்கியது. பார்க்கவே பரிதாபம்.

"ம்ஹூம், உனக்கு வராது. போ போ!" காவலன் கதவைத் திறந்துவிட்டான்.

உள்ளே வந்ததும் கேட்டேன். "எப்படிடா பண்ணின?"

"படையில சேர்ந்த முதல் நாள் நான் எப்படி நின்னேன்னு நெனச்சுப் பாத்தேன் சார். கையி தானா வந்துச்சு."

நியூயார்க் மாடியறையில் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருவது இதைத்தானோ?

கொட்டடிக்கு ஐந்து பேரையும் அளவு நாடாவோடு கூட்டிப் போனேன். ஹிக்ஸும் பீட்ரியும் அண்ணன் தம்பிபோல வராந்தாப் படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"சிறை செட் போடணும். அளவெடுத்துக்கலாமா கார்ப்பரல்?"

"இவருக்காக ஒத்துக்கறேன்," என்று பூட்டைத் திறந்தார் ஹிக்ஸ். "எத்தனை பேரு? அஞ்சு. அஞ்சு பேரும் வெளிய வரணும். டேய் கோப், மூலைக்குப் போ!"

நான் பீட்ரியைப் பார்த்தேன். விஷயம் எதுவும் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. முப்பது வருஷம் கேமரா முன்னால் நின்றவருக்குக் கண் ஜாடை போதும். படியிலிருந்து எழுந்தார், மார்பைப் பிடித்தார், கோரமாக ஒரு சத்தம் போட்டார், மூன்று படி உருண்டு விழுந்தார்.

"சார்!" ஹிக்ஸ் பாய்ந்து ஓடினார்.

உள்ளே சட்டைகள் கழன்றன, மாறின. மஞ்சள் பட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது. வெர்னன் நேதனின் தோளை ஒரே ஒரு தடவை அழுத்தினான். பிறகு மூலைக்குப் போய் முதுகைக் காட்டி நின்றான்.

வெளியே பீட்ரி ஒரு கண்ணைத் திறந்தார். "இது அம்பு பாஞ்சு சாகறது. குண்டடி பட்டுச் சாகறது வேற. அதையும் காட்டட்டுமா?"

"ஐயோ, உயிரே போச்சு சார் எனக்கு!" ஹிக்ஸ் சிரித்தபடியே திரும்பி எண்ணினார். ஐந்து மஞ்சள் பட்டைகள். எண்ணியது பட்டைகளை, முகங்களை அல்ல. பூட்டினார்.

ஓடினோம். மைதானத்தில் முரசு ஆரம்பித்துவிட்டது. ஸாண்டர் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். நேதனைக் குறி போட்ட இடத்தில் தள்ளிவிட்டு நான் கேமராவுக்குப் பின்னால் விழுந்தேன். படை நகர்ந்தது. நிஜப் பூட்ஸ், நிஜத் தூசி, நிஜமாகப் போகிற பையன்கள். நேதன் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அணியைப் பார்க்காமல் மெல்லக் கொட்டடிப் பக்கம் திரும்பினான். அப்படித் திரும்பச் சொல்லி யாரும் எழுதவில்லை.

"ஆஹா," என்றார் ஸாண்டர் மூச்சுக்குள்.

அப்போதுதான் பார்த்தேன். நேதனின் இடது கையில் மஞ்சள் பட்டை. கழற்றவில்லை. கழற்றச் சொல்ல வேண்டியது என் வேலை.

முடிந்தது என் பிழைப்பு என்று நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து அந்தச் சுருளைப் போட்டுப் பார்த்தார்கள். கறுப்பு வெள்ளையில் பட்டை வெளிறித் தெரிந்தது. இருட்டில் ஸாண்டரின் நாற்காலி கிறீச்சிட்டது.

"அது என்ன கையில?"

நான் நாற்காலியில் இன்னும் கீழே சரிந்தேன்.

"தன் அணியோட போக முடியாதவன்... அவனுக்கு மட்டும் ஒரு தனி அடையாளம்..." ஸாண்டர் எழுந்தே விட்டார். "நேதன்! ராத்திரி பூரா கொட்டடியில உக்காந்து இதைத்தான் கண்டுபிடிச்சியா? என்னப்பா உணர்ந்த அங்க?"

நேதன் கொஞ்சம் யோசித்தான். "கொசு," என்றான்.

பீட்ரிக்கு இருமல் வந்து வெளியே போய்விட்டார்.

படம் வந்தது. பட்டையைப் பற்றிப் பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. துக்கத்தின் சின்னம் என்றார் ஒருவர். விலங்கு என்றார் இன்னொருவர். நேதனின் மாடியறைப் பள்ளியில் பையன்கள் தேர்வுக்குப் போகும் முன் இடது கையில் துணி கட்டிக்கொள்கிறார்களாம். இரண்டு பேர் என்னிடமே வந்து, ஒரு ராத்திரி கொட்டடியில் இருக்க ஏற்பாடு பண்ண முடியுமா என்று கேட்டார்கள். பண்ணிக் கொடுத்தேன். கொசுவத்தி எடுத்துப் போகச் சொன்னேன்.

போர் ஓய்ந்த மறு வருஷம் வஹியாவா தியேட்டரில் படத்தைத் திரும்பப் போட்டார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கடைசிக் காட்சியில் முரசு கேட்டதும் எல்லோரும் கைக்குட்டையை எடுத்தார்கள். நேதன் கொட்டடிப் பக்கம் திரும்பினான், பட்டை பளிச்சென்று தெரிந்தது.

எனக்கு முன்வரிசையில் யாரோ ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான். சுற்றியிருந்தவர்கள் 'உஷ்' என்றார்கள். அவன் பக்கத்து ஆளிடம் குனிந்து ஏதோ சொன்னான். கழுத்தெல்லாம் தீத்தழும்பாக இருந்த அந்த ஆளும் சிரித்தான். சிரித்து, கையுறை போட்ட கையால் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான்.