சுவரொட்டியில் முதல் பெயர்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை என் தங்கை சீதேவியின் வீட்டு விறாந்தையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஊர்க் கண்ணகை அம்மன் கோயிலை நடத்தும் வண்ணக்கர் அருமைநாயகம், அதாவது நான். சீதேவி. அவளுடைய மகள் நிலாந்தினி, வயது பதினான்கு. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை உத்தியோகத்தராக இருந்த றமீஸா, காத்தான்குடிப் பிள்ளை. எங்கள் குடியில் எனக்கு அடுத்த மூத்தவரான யோகராசா. பெயர்களை எழுதக் காரணம் உண்டு. தாங்களும் அங்கே இருந்ததாக இருபது பேர் சொல்லித் திரிகிறார்கள். அவர்கள் இருக்கவில்லை.

ஆண்டு 2008. கிழக்கில் சண்டை ஓய்ந்திருந்தது, வன்னியில் ஓயவில்லை. எங்கள் ஊரில் அரசாங்கம் ஒரு சிறுவர் பாதுகாப்புக் குழுவை அமைத்திருந்தது. பிள்ளைகளை ஆயுதக்காரர் பிடித்துக்கொண்டு போன நாட்களில் தொடங்கியது அது. அந்த வருடம் றமீஸா வந்து, இனி இன்டர்நெட்டையும் கைத்தொலைபேசியையும் பற்றியும் பேச வேண்டும் என்றார். குழுவின் தலைவர் நான், செயலாளர் யோகராசா. பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்தோம். மாலை எனக்குத்தான் போட்டார்கள்.

"யாராவது மிரட்டினா ஒண்டையும் அழிக்காதீங்க. நம்பரைக் கொப்பியில எழுதி வைங்க. நம்பிக்கையான பெரியாக்களிட்டச் சொல்லுங்க" என்று றமீஸா பிள்ளைகளிடம் சொன்னார். பிறகு சுவரொட்டி ஒன்றை ஒட்டினார். சொல்ல வேண்டியவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. முதல் பெயர் என்னுடையது. பக்கத்தில், பிள்ளைகள் கடிதம் போட ஒரு பூட்டிய பெட்டி.

சித்திரை மாதம் நிலாந்தினி என்னிடம் வந்தாள். எங்கள் குடி தாய்வழி. தங்கையின் மகளுக்கு நல்லது கெட்டது பார்ப்பவன் தாய்மாமன். ஆனால் அவள் அதற்காக வரவில்லை.

"மாமா, சுவரில உங்கட பேர்தான் முதல்ல கிடக்கு" என்றாள்.

கையில் அவளுடைய அப்பா கட்டாரிலிருந்து அனுப்பிய போன் இருந்தது. டவுனில் இன்டர்நெட் கடையில், வேறு பள்ளிக்கூடத்து மாணவி என்று சொல்லி ஒருவர் அறிமுகமாகி, போன் நம்பர் வாங்கி, படம் ஒன்று கேட்டிருக்கிறார். அவள் தன் முகம் தெரியும் ஒரு சாதாரணப் படத்தை அனுப்பினாள். அந்த முகத்தை வைத்துக் கேவலமாக ஏதோ செய்து திருப்பி அனுப்பியிருந்தான். மாணவி அல்ல, ஒரு ஆண். சொன்ன இடத்துக்கு வராவிட்டால் ஊருக்கே அனுப்புவேன் என்று எழுதியிருந்தான். பிள்ளை ஒன்றையும் அழிக்கவில்லை. சொல்லிக் கொடுத்தபடியே செய்திருந்தாள்.

நான் அவளைப் பார்க்கவில்லை. கோயில் சடங்கை நினைத்தேன். வைகாசியில், எங்கள் குடிக்குரிய நாளில், ஏழு கன்னிப் பிள்ளைகள் அம்மனுக்கு நெல் குற்றுவார்கள். அந்த வருடம் அவளும் ஒருத்தி. இந்தப் படம் வெளியே வந்தால் என்ன ஆகும் என்றுதான் என் புத்தி ஓடியது.

"ஆருக்கும் சொல்லாத. அம்மாளில சத்தியம் பண்ணு" என்றேன்.

"றமீஸா மிஸ்ஸிட்ட மட்டும் சொல்லுவமா மாமா?"

"நான் சொன்னாக் காணும், வேற ஆரும் வேணாம்."

சத்தியம் பண்ணினாள். போனை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் அக்கரை வட்டையில் உள்ள வயலுக்குப் போக, வாவியைக் கடக்கும் படகுப்பாதை என்னும் மிதவையில் ஏறினேன். நடு வாவியில், வெற்றிலை துப்புகிறவன் போலக் குனிந்து, போனைத் தண்ணீரில் விட்டேன். சத்தம்கூடக் கேட்கவில்லை. குடியின் மானம் தப்பியது என்று நினைத்து, அன்று வயலில் வயிறாரச் சாப்பிட்டேன்.

எட்டு நாள் கழித்து, அந்தச் செவ்வாய்க்கிழமை, றமீஸா சீதேவியின் வீட்டுக்கு வந்தார். பெட்டியில் நிலாந்தினியின் பெயரோடு ஒரு கடிதம் கிடந்ததாம். "ஒருவன் மிரட்டுகிறான். போன் இப்போது இல்லை" என்று மட்டும் எழுதியிருந்ததாம்.

"பிள்ளையோட தனியக் கதைக்கோணும் ஐயா."

"எங்கட குடியில பொம்புளப் புள்ளயத் தனிய விட்டுக் கதைக்கிற வழக்கமில்ல. செயலாளரும் இருக்கோணும்" என்று யோகராசாவையும் நானே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

றமீஸா பிள்ளையின் பக்கம் கதிரையைத் திருப்பினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "போன் எங்கம்மா?"

நிலாந்தினி என்னைப் பார்த்தாள். நான் தூணைப் பார்த்தேன்.

"அது வாவிக்க விழுந்திட்டுது" என்றேன்.

"விழுந்ததா, எறிஞ்சதா?" என்று யோகராசா சிரித்தார். "போனுக்குக் காலா முளைச்சிருக்கு, தானா நடந்து போய் விழ?"

"நான்தான் எறிஞ்சன்" என்றாள் நிலாந்தினி.

சீதேவி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சொல்லியிருந்ததால் எறிந்தது யார் என்று அவளுக்குத் தெரியும். அண்ணன் முன்னால் பேசிப் பழகாதவள். நானும் பேசவில்லை. கொப்பியில் எழுதி வைத்திருந்த நம்பரைப் பிள்ளை நீட்டினாள். றமீஸா வாங்கிக்கொண்டு, "அவன் எழுதினதும் அனுப்பினதும் இருந்திருந்தா நல்லம்" என்று மட்டும் சொன்னார். அந்த நம்பர் செத்துப்போன ஒருவரின் பெயரில் பதிவாகியிருந்தது. அதோடு விசாரணை நின்றுவிட்டது.

ஒரு மாதத்தில் அவனைப் பிடித்தார்கள். பிடிபட்டது எங்களால் அல்ல. வவுணதீவுப் பக்கத்தில் இன்னொரு பிள்ளையையும் அதே விதமாக மிரட்டியிருக்கிறான். அவளுடைய தகப்பன் வாவியில் இறால் பிடிக்கிறவர். எழுத்து வாசிப்பு அவ்வளவு இல்லை. போனைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு, சோதனைச் சாவடியில் ஒரு மணித்தியாலம் நின்று, செயலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தப் பிள்ளை அதற்குள் மூன்று கிழமை பள்ளிக்கூடம் போகவில்லையாம். அந்த மூன்று கிழமை என்னுடையது. என் குடிப்பெருமை அவளுக்குக் கொடுத்தது அது.

வைகாசியில் கோயில் கூட்டம் கூடியது. நெல் குற்றும் பிள்ளைகளின் பட்டியலை யோகராசா வாசித்தார். நிலாந்தினியின் பெயர் இல்லை.

"அண்ணன் குறை நினைக்கப்படாது" என்றார். "புள்ளையில நான் பிழை சொல்லல்ல. கள்ளமில்லாட்டி ஏன் போனை எறிஞ்சவள்? என்னத்த மறைச்சவள்? ஊர் கேக்குது."

பெண்கள் பக்கத்தில் சீதேவி நின்றாள். நிலாந்தினி வரவில்லை.

நான் எழுந்தேன். நாற்பது வருடமாக அந்த மண்டபத்தில் நான் எழுந்தால் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள். அன்றும் நிறுத்தினார்கள்.

"எறிஞ்சது நான்" என்றேன். "புள்ள என்னட்டக் கொண்டு வந்து தந்தாள். நான் படகுப்பாதையில வச்சு வாவிக்க போட்டன். உத்தியோகத்தருக்கு முன்னால பொய்யும் சொன்னன்."

யோகராசா எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"விடுங்க அண்ணன். மருமகளுக்காகத் தன்ர தலையில பழி போடுற தாய்மாமன் ஆருக்குக் கிடைக்கும்? வண்ணக்கர் எண்டா வண்ணக்கர்தான்."

மண்டபம் தலையாட்டியது. நிலாந்தினியின் பெயரைப் பட்டியலில் சேர்த்தார்கள், என் முகத்துக்காக. அவள் நெல் குற்றப் போகமாட்டேன் என்றுவிட்டாள். குழுத் தலைவர் பதவியை எழுதிக் கொடுத்தேன். றமீஸாவின் அலுவலகத்துக்குப் போய் அவர் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். அவர் மட்டும் நம்பினார். சுவரொட்டியில் என் பெயரை நானே மை பூசி அழித்தேன்.

ஆனால் ஊர் இன்றைக்கும் சொல்கிறது: குற்றம் செய்த பிள்ளை போனை எறிந்தாள், மானமுள்ள மாமன் அவளுக்காகப் பொய் சொன்னார் என்று. அது பிழை. நிலாந்தினி குற்றம் எதுவும் செய்யவில்லை. போனை எறியவுமில்லை. எறிந்தவன் நான். பொய் சொல்லிக் காப்பாற்றியவள் அவள்.