அசன் முகம்மதுவின் மூக்கு

“நல்லாருக்கும்மா” என்று சொல்லி அசன் முகம்மது டம்ளரைத் திருப்பித் தந்த பிறகும் பெனாசிருக்கு மனசு ஒரு நிலையில் நிற்கவில்லை. மாமனாரே சொல்லிவிட்டார். இந்த வட்டாரத்தில் சோடா போடுகிறவர்களில் அவர் மூக்குக்கு மிஞ்சிய மூக்கு கிடையாது. அப்புறம் என்ன?

அவள் இன்ஜினியராக இருப்பது விருதுநகருக்கு வெளியே ஒரு கெமிக்கல் கம்பெனியில். காலகாலமாகப் புகைக்குழாய் வழியே வானத்துக்கு விட்டுக்கொண்டிருந்த கழிவு வாயுவைப் போன தை மாசம்தான் மடக்கிப் பிடித்தார்கள். உயர உயரமான உருளைகளில் மணிமணியாக ஒரு சரக்கை நிரப்பி, வாயுவை அழுத்தி உள்ளே அனுப்பினால், மற்றதையெல்லாம் அந்த மணிகள் பிடித்துக்கொள்ளும். ஹைட்ரஜன் மட்டும் நழுவி வெளியே வந்துவிடும். அழுத்தத்தைக் குறைத்தால் பிடித்ததையும் விட்டுவிடும். அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்து, கரித்தொட்டி வழியாக ஓட்டி வாடையை எடுத்து, சிலிண்டரில் அடைக்க வேண்டும். ஹைட்ரஜன் வனஸ்பதி ஆலைக்குப் போனது. அதில் ஒரு வம்பும் இல்லை. வம்பெல்லாம் இந்த இரண்டாவதில்தான்.

சோடாவுக்கு அந்த வாயுதான் உயிர். ஆனால் சோடா கம்பெனிக்காரர்கள் முதலில் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். “புகைக்குழாய்க் காத்துல சோடாவா? குடிச்சவன் ஏப்பம் விட்டா புகைதான் வரும்” என்று கேலி பேசினார்கள். கடைசியில் ஒரே ஒரு பேச்சில் வழிக்கு வந்தார்கள். ஒவ்வொரு லோடையும் அசன் முகம்மது பாய் மோந்து பார்த்துச் சொல்லணும். அவர் சரியென்றால் சரி.

நாளைக்கு ஆடிக் கடைசி வெள்ளி. இருக்கன்குடி அம்மன் கோவிலுக்கு நடந்து போகிற சனம் சாத்தூரையே அடைத்துக்கொண்டு நிற்கும். அம்புட்டுப் பேரும் வெயிலில் சோடா கேட்பார்கள். இன்றைக்குப் போன லோடு மொத்தமும் அங்கேதான்.

பெனாசிரின் பயம் கரியைப் பற்றியது. தொட்டியில் இருக்கிற கரியை மாற்ற வேண்டிய நாள் தாண்டிவிட்டது. மேனேஜர் ரத்தினசாமியோ, “சீசன் முடியட்டும்மா, தாங்கும்” என்றார். மீட்டர் என்னவோ சுத்தம் என்றுதான் காட்டியது. ஆனால் மூக்குக்குத் தெரிகிற அளவு கந்தக வாடைகூட அந்த மீட்டருக்குத் தெரியாது. காலையில் சிலிண்டரைத் துணிப்பைக்குள் திறந்து, உறைந்த வெள்ளைப் பனியை டம்ளர்த் தண்ணீரில் போட்டபோது, நமுத்த பட்டாசைப் பிரித்த மாதிரி லேசாக ஒரு வாடை வந்தது. வந்ததா, பிரமையா? பிளான்ட்டிலேயே கிடக்கிற மூக்கு அது. இருக்கிற வாடை தெரியாது, இல்லாத வாடை தெரியும். அதனால்தானே வெளி ஆளைக் கூப்பிடுவது?

“மீட்டர்ல சுத்தமா இருக்கு மாமா. நீங்க ஒரு வாட்டி பாருங்க” என்று நீட்டினாள். அவர் கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுத்தார். நல்லாருக்கு என்றார். டிரைவர் சங்கிலிமுத்து லாரியைக் கிளப்பிக்கொண்டு சாத்தூருக்குப் போய்விட்டான்.

மத்தியானம் மாமனாரை ஸ்கூட்டியில் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். வாசலில் நிறுத்தும்போதே பிளான்ட்டிலிருந்து போன் வந்தது. அவள் பேசிக்கொண்டு நிற்க, “ஒரு டீ போட்டுக் குடிக்கிறேன்” என்று அவர் உள்ளே போனார்.

போனை வைத்துவிட்டு நிலைப்படியைத் தாண்டியதும் முகத்தில் அடித்தது சமையல் கேஸ். மூச்சு முட்டுகிற வாடை. அடுக்களைக்கு ஓடினாள். மாமி மெகருன்னிசா பாலை அடுப்பில் வைத்துவிட்டு எதிர்வீட்டுக்கு ஒரு எட்டு போயிருக்கிறாள். பால் பொங்கி அடுப்பை அணைத்திருக்கிறது. திருகு திறந்தபடியே இருக்கிறது. அதன் முன்னால் நின்று, தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியை நிதானமாக எடுத்துக்கொண்டிருந்தார் அசன் முகம்மது.

அவள் ஒரே பாய்ச்சலில் அவர் கையைத் தட்டிவிட்டாள். குச்சிகள் தரையெல்லாம் சிதறின. ரெகுலேட்டரை மூடினாள், பின்கதவைத் திறந்தாள், சுவிட்சுப் பக்கம் போன அவர் கையையும் பிடித்து இழுத்துக் கொல்லைக்குக் கொண்டுவந்தாள்.

“மாமா, வாடை தெரியலையா உங்களுக்கு?”

அவர் திறந்த கதவு வழியே பால் பொங்கியதையும் சிதறிக் கிடந்த குச்சிகளையும் பார்த்தார். துவைக்கிற கல்லில் மெல்ல உட்கார்ந்தார்.

“கொரோனா வந்து படுத்தேன்ல. அன்னைக்குப் போனதும்மா. இன்னைக்கு வந்துரும், நாளைக்கு வந்துரும்னு இருந்தேன். வரல.”

“மாமிக்குத் தெரியுமா?”

“யாருக்கும் தெரியாது. குழம்பு கருகுனாலும் நல்லாருக்குன்னுதான் சொல்லுவேன். அவளும் சந்தோசமா இருக்கா.”

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பாள். இப்போது கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. மாமனார் என்கிற மரியாதை நாக்கு நுனி வரைக்கும் வந்து தடுத்தது; தடுத்தும் நிற்கவில்லை. “அப்ப காலையில எதை வச்சு நல்லாருக்குன்னு சொன்னீக?”

“உன்னை வச்சுத்தான். படிச்ச பிள்ளை, சுத்தமா இருக்குன்னு சொல்லித்தான் நீட்டுற. ஒவ்வொரு வாட்டியும் நீ சொன்னதைத்தாம்மா நான் திருப்பிச் சொன்னேன்.”

அவரை நம்பி அவள், அவளை நம்பி அவர், ரெண்டு பேரையும் நம்பி சாத்தூர் போய்விட்டது லாரி. நாளைக்கு ஒருத்தர் வாயில் அந்த வாடை பட்டால் போதும். அப்புறம் இந்தக் கேஸை எவரும் சீந்தமாட்டார்கள். எல்லாம் மறுபடி வானத்துக்கே போகும்.

ரத்தினசாமிக்குப் போன் போட்டாள். “பாயே சொல்லிட்டாரு, உனக்கென்னம்மா இப்ப? லோடைத் திருப்புன்னா காரணம் கேப்பாங்கல்ல?” என்றார். கேட்பார்கள்தான். அந்தக் காரணம் துவைக்கிற கல்லில் குனிந்து உட்கார்ந்திருந்தது. அதைச் சொன்னால், இத்தனை வருசம் சம்பாதித்த பேரும் போச்சு. அவள் போனைப் பிடித்தபடி கொல்லையில் அங்குமிங்கும் நடந்தாள்.

“குடும்மா” என்று அசன் முகம்மது கையை நீட்டினார். சாத்தூரில் பெரிய சோடா கம்பெனி வைத்திருக்கிற பாண்டிராஜுக்கு அவரே போட்டார். ஸ்பீக்கரில் இருந்ததால் இரண்டு பேர் குரலும் கொல்லை முழுக்கக் கேட்டது.

“பாண்டிராஜு, லோடு வந்துருச்சா?”

“வந்து ரொப்பிக்கிட்டே இருக்கோம் பாய்.”

“நிப்பாட்டுப்பா. எல்லாருக்கும் சொல்லி நிப்பாட்டச் சொல்லு. எனக்கு வாடை தெரியாது. கொரோனாவுல மூக்கு செத்துப்போச்சு. இம்புட்டு நாளும் தெரியாமத்தான் நல்லாருக்குன்னு சொல்லிட்டு இருந்தேன்.”

அந்தப் பக்கம் மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

“பாய்” என்றார் பாண்டிராஜ். “முதல் சிலிண்டரைத் திறந்ததுமே வாடை வந்துச்சு. இங்கன இருந்த எல்லாருக்குமே வந்துச்சு. நீங்க பாத்து அனுப்புன சரக்காச்சே, நம்ம மூக்குலதான் கோளாறுன்னு ரொப்பிக்கிட்டு இருக்கோம்.”

“கொட்டிரு எல்லாத்தையும்” என்று அசன் முகம்மது போனை வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

பெனாசிர் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

“எனக்கும் காலையிலேயே வாடை வந்துச்சு மாமா” என்றாள்.