நனைந்த நவம்பரும் ஒரு பன்றித் தொடையும்

'நனைந்த நவம்பர்' இசைக்குழுவில் சிரித்த முகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதையும் கழற்றிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

முகத்துக்குச் சொந்தக்காரன் நெவில் ஆக்ராய்ட். பேஸ் கிட்டார் வாசிப்பவன். வார நாட்களில் வட இங்கிலாந்தின் டாட்மார்டன் மேடுகளில் ஏறி இறங்கித் தபால் கொடுப்பவன். பதினோரு வருடமாக இந்தக் குழுதான் அவனுக்கு உயிர். சிக்கல் என்னவென்றால், சோக இசை காதில் விழுந்ததும் வெந்நீரில் குளித்தது போல ஒரு சுகம் பிறந்து, அவன் வாய் காதுவரை போய்விடும். புதிய ஆல்பத்தின் அட்டைப் படத்தில் எல்லோரும் மூடுபனியை வெறித்துக்கொண்டிருக்க, அவனை மட்டும் முதுகைக் காட்டி நிற்கவைத்திருந்தார்கள். அது ஆழமான குறியீடு என்று ரசிகர்கள் விவாதித்தார்கள்.

ஆல்பத்தின் பெயர் 'யாரும் திறக்காத ஜன்னலின் மறுபக்கம்'. மொத்தம் நான்கு பாட்டு. பாட்டில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. இருந்த வார்த்தைகளெல்லாம் தலைப்புகளிலேயே தீர்ந்துபோயின. குழுத்தலைவன் லூசியன். அம்மா வைத்த பெயர் கெவின். முதல் ஆல்பத்தோடு அது காலாவதியானது.

வெளியீட்டுக்குப் பேசிவைத்திருந்த பழைய தேவாலயத்தின் கூரை ஒழுகியதால், கடைசியில் கிடைத்தது தொழிலாளர் மன்றம்தான். அதுவும் ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு. அன்றைக்கென்று வெயில் பளீரென்று அடித்தது. திரைச்சீலைகளை இழுத்து மூடச் சொன்னான் லூசியன்.

"லண்டன்லேர்ந்து பத்திரிகைக்காரி வந்திருக்கா. இன்னிக்கு மட்டும் நீ பல்லைக் காட்டினேன்னு வை, அடுத்த வாரம் வேற ஆளைப் பார்த்துக்குவேன்."

"நான் என்னப்பா பண்றது? நீ வாசிச்சா சந்தோஷமா இருக்கு."

"அதான்டா பிரச்சினையே!"

வாசலில் மன்றச் செயலாளர் மேவிஸ் சட்க்ளிஃப் மறித்து நின்றாள். ஞாயிறு நான்கு மணிக்கு அங்கே கறிக் குலுக்கல்; எண் விழுந்த சீட்டுக்கு இறைச்சி பரிசு. சீட்டு வாங்காமல் யாரும் உள்ளே போனதில்லை, மேயரே போனதில்லை.

"நாங்க கலைஞர்கள்மா," என்றான் லூசியன்.

"இருக்கட்டும் கண்ணு. கலைஞர்களுக்கும் ஒரு பவுண்டுக்கு அஞ்சு சீட்டுதான். முதல் பரிசு பன்றித் தொடை, தோலோட."

"நான் கறியைத் தொட்டு ரெண்டு வருஷமாச்சு."

"அதான் மூஞ்சி இப்படிக் கெடக்கு."

லூசியனின் கறுப்பு அங்கியில் பை கிடையாது. ரோஜா நிறச் சீட்டுகளைக் கிட்டாரின் தலைப்பகுதியில் கம்பிகளுக்கிடையே செருகிக்கொண்டு மேடையேறினான்.

அரங்கில் பாதிப்பேர் கறுப்பு உடுத்திய இளசுகள். மீதிப்பேர் பீர்க் கோப்பையோடு பன்றித் தொடைக்குக் காத்திருந்த உறுப்பினர்கள். கடைசிப் பாட்டு இருபத்திரண்டு நிமிடம். சரியாக நான்கு மணிக்கு அது தன் உச்சகட்ட அமைதியை எட்டியிருந்தது. லூசியன் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டிக்கொண்டிருந்தான். மேவிஸ் மேடையேறி மைக்கைப் பிடித்தாள்.

"நீங்க பாட்டுக்கு வாசிங்க கண்ணுங்களா. ரோஜாக் கலர், இருநூத்திப் பதினாலு."

இதுவும் பாட்டில் ஒரு பகுதி என்று நினைத்து இளசுகள் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"ரோஜாக் கலர், இருநூத்திப் பதினாலு! மூணு தடவைதான் கூப்பிடுவேன். அப்புறம் வேற சீட்டு."

நெவில் தற்செயலாகப் பக்கத்தில் பார்த்தான். கம்பிகளுக்கிடையே இருநூற்றுப் பதினாலு ஆடிக்கொண்டிருந்தது. லூசியனின் கண்ணும் அங்கேதான் இருந்தது. அன்றைய நிகழ்ச்சியில் அந்த முகத்தில் முதல்முறையாக நிஜமான துக்கம் தெரிந்தது. நெவிலுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. உதட்டைக் கடித்தான். வாயைத் திறந்தால் பதினோரு வருடமும் போச்சு.

"மூணாவது தடவை..."

நண்பன் ஒருவன் கண்ணெதிரே ஒரு முழுத் தொடையை இழப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க நெவிலுக்கு மனசு வரவில்லை.

"இங்க! கெவின்கிட்ட இருக்கு!"

டிரம்ஸில் இருந்த ரூத் அதை ஜாடை என்று எடுத்துக்கொண்டு ஓங்கி அடித்தாள். நான்கு நிமிடம் கழித்து வரவேண்டிய இடி அப்போதே இறங்கியது. உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். இளசுகள் கத்திக் குதித்தார்கள். மேவிஸ் தொடையைக் குழந்தையைப் போல நீட்ட, லூசியன் கிட்டாரை விட்டுவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். பத்திரிகைக்காரியின் கேமரா மின்னியது.

மறுநாள் காலையிலேயே விமர்சனம் வந்துவிட்டது. படத்தில் லூசியன் தொடையை அணைத்துக்கொண்டு முப்பத்திரண்டு பல்லும் தெரிய நிற்கிறான். பின்னால் நெவில், குழுவில் இடம் போன பயத்தில் உதட்டைக் கடித்துத் தலை குனிந்திருக்கிறான். கீழே எழுதியிருந்தது: 'குழுவின் சோகம் அனைத்தையும் பேஸ் கலைஞர் ஒருவரே சுமந்து நிற்கிறார்.'

அன்று சாயங்காலம் தொடை வெந்தது நெவில் வீட்டு அடுப்பில்தான். லூசியனிடம் இருந்த அடுப்பில் காய்கறிக்கு மேல் எதுவும் நுழையாது.

"டேய், இனிமே மேடையில அந்த மூஞ்சியையே வச்சுக்கோ," என்றான் லூசியன், வாய் நிறைய.

"அதுக்கு ஒவ்வொரு தடவையும் நீ என்னைத் துரத்தறேன்னு மிரட்டணுமேப்பா."

"மிரட்டிட்டாப் போச்சு."

மொறுமொறுத்த தோலில் பெரிய துண்டாகப் பார்த்து லூசியன் அவன் தட்டில் வைத்தான். நெவிலின் வாய் காதுவரை போனது. இந்தத் தடவை அவனை யாரும் முதுகைக் காட்டச் சொல்லவில்லை.