சாலைப் பக்கம் திறக்கும் மூடி

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா சொன்னாள்: "நான்தான் அந்த ஆளுகிட்ட சாரி சொன்னேன். பாவம், அவரு வேன் கண்ணாடி உடைஞ்சுபோச்சுல்ல."

எனக்குக் கோபம் வந்தது. வேன்காரன் மேல் வரவில்லை, அவள் மேல்தான் வந்தது.

அவள் நர்ஸ். வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடப்பவர்களின் புண்களுக்குக் கட்டு மாற்றுகிறவள். நான் கார் கம்பெனியில் வேலை செய்கிறேன். எங்கள் புது மின்சாரக் காரை விற்பனைக்கு விடுவதற்கு முன், முப்பது வண்டிகளை ஊழியர்களின் குடும்பங்களுக்கு ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். எனக்கு வந்ததை நான் அக்காவிடம் கொடுத்தேன். நாள் முழுக்கத் தெருத்தெருவாகச் சுற்றுகிறவள், இவளைவிட யார் நன்றாகச் சோதித்துவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அந்தக் காரில் சார்ஜ் போடும் இடம் பின்சக்கரத்துக்கு மேலே, ஓட்டுபவர் பக்கம் இருக்கிறது. நடைபாதையை ஒட்டி நிறுத்தினால் அது சாலைப் பக்கம் வந்துவிடும். சார்ஜர் கம்பமோ நடைபாதையில் நிற்கிறது. கேபிளை வண்டியின் பின்னால் சுற்றி இழுத்துவந்து, ஓடுகிற வாகனங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கையாலும் அழுத்திச் சொருக வேண்டும். அக்கா இருபத்திரண்டு நாள் அப்படித்தான் சொருகியிருக்கிறாள். இருபத்துமூன்றாம் நாள் ஒரு வேனின் பக்கக் கண்ணாடி அவள் முழங்கையில் மோதியது. எலும்பில் கீறல். ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

"நீ ஏன் முதல் நாளே சொல்லல?" என்று கேட்டேன்.

"எல்லாரும் போடுறாங்க, எனக்குத்தான் சாமர்த்தியம் பத்தலன்னு நினைச்சேன்டீ."

இதற்கு மேல் அவளிடம் பேசினால் கத்திவிடுவேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

மற்ற இருபத்தொன்பது குடும்பங்களும் கருத்துப் படிவத்தில் 'சார்ஜ் போடுவது எளிது' என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தன. அது எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஒவ்வொரு வண்டியும் எங்கே சார்ஜ் ஆனது என்ற பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாம் எங்கள் கம்பெனி வளாகத்துக்குள். வேலைக்கு வரும்போது ஓட்டிவந்து, இங்கேயே போட்டுக்கொண்டு, சாயங்காலம் போயிருக்கிறார்கள்.

எங்கள் வளாகத்தில் ஒரு சட்டம் உண்டு. எந்த வண்டியானாலும் ரிவர்ஸில்தான் நிறுத்த வேண்டும். தீ விபத்து நடந்தால் உடனே வெளியே ஓட்டிப்போக வசதியாக இருக்குமாம். முன்பக்கமாக நுழைத்தால் காவலாளி விசில் ஊதியே மானத்தை வாங்கிவிடுவார். ரிவர்ஸில் வந்தால் சார்ஜர் கம்பம் வண்டியின் பின்புறத்துக்கு நேர் எதிரே நிற்கும். கையை நீட்டினால் போதும், சின்னக் குழந்தைகூடச் சொருகிவிடும். எங்கள் வாசலுக்கு உள்ளே அந்தக் கார் ஒரு குறையும் இல்லாத கார்.

அக்காவின் விபத்து அறிக்கையை எங்கள் பிரிவுத் தலைவர் ஏற்கெனவே நிரப்பிவைத்திருந்தார். காரணம்: வண்டியை நிறுத்திய முறையில் தவறு. கீழே என் கையெழுத்துக்கு இடம். சார்ஜ் போடும் பாகத்துக்குப் பொறுப்பு நான் என்பதால் நான் கையெழுத்துப் போட்டால்தான் அறிக்கை முடியும். முடிந்தால்தான் கார் விற்பனைக்குப் போகும்.

எந்த விவாதத்திலும் தலைவர் "முடிஞ்சுபோச்சு" என்று மேசையைத் தட்டி எழுந்துவிடுவார் என்பதால் அவருக்கு அதுவே பட்டப்பெயர். அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அவர், நான், வண்டியின் வெளிக்கூட்டுத் தகடுகளைப் பார்த்துக்கொள்ளும் தகட்டுக்காரர். தகட்டுக்காரரை அவர் 'சார்' என்பார். என்னை 'ம்மா'. பதினொரு வருடமாக ம்மா.

ரிவர்ஸ் சட்டத்தையும் பட்டியலையும் சொன்னேன். முடிஞ்சுபோச்சு பொறுமையாகக் கேட்டார். உன் அக்கா வண்டியை எதிர்ப்புறம் திருப்பி நிறுத்தியிருக்கலாமே என்றார். அது எதிர்த்திசை, அபராதம் போடுவார்கள் என்றேன். அடுத்த தெருவில் போட்டிருக்கலாமே என்றார். அங்கே கம்பமே இல்லை என்றேன். இடத்தை மாற்றினால் தகட்டுக்குப் புது அச்சு வெட்ட வேண்டும், எட்டு மாதம் ஆகும் என்று தகட்டுக்காரர் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

"ஒரு வாட்டி வெளியே வந்து நீங்களே போட்டுக் காட்டுங்க சார்" என்றேன்.

அவர் சிரித்தார். ஆனால் தகட்டுக்காரர் எழுந்துவிட்டதால் அவரும் வர வேண்டியதாயிற்று.

எங்கள் வாசலிலிருந்து நூறு அடி தள்ளி, தெருவிலேயே ஒரு சார்ஜர் கம்பம் இருக்கிறது. எங்கள் ஆட்கள் யாரும் அதைத் தொட்டதில்லை. எங்கள் புதுக் காரை அங்கே ஓரம் கட்டி நிறுத்தினேன். கேபிளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அது கனம் என்பது அவர் தோள் இறங்கியதில் தெரிந்தது. வண்டியைச் சுற்றிச் சாலைப் பக்கம் போனார். ஒரு லாரி ஹாரன் அடித்தது. கார் மேல் ஒட்டிக்கொண்டார். மூடியைத் திறக்க ஒரு கை வேண்டும், அதனால் கேபிளை முழங்காலுக்கு நடுவில் இடுக்கினார். மறுபடி ஹாரன். முதல் தடவை சொருகியது சரியாக உட்காரவில்லை. இரண்டாம் தடவை உட்கார்ந்தது. நடைபாதைக்கு வந்தபோது வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் முழுக்க அழுக்கு, காது மடல் சிவந்திருந்தது.

இப்போது சொல்வார் என்று நினைத்தேன். பயந்தவன் முகம் பொய் சொல்லாது என்று நம்பினேன்.

"பாத்தியாம்மா, போட்டுட்டேன்ல?" என்றார். "கொஞ்சம் கவனமா இருந்தா போதும். கையேட்டுல ஒரு வரி சேத்துடலாம். முடிஞ்சுபோச்சு."

அவர் பயந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அரை நிமிடத்துக்குள் அதை உதறிவிட்டு, அந்தப் பயத்தை என் அக்காவின் தலையில் கட்டிவிட்டு நிற்கிறார்.

திரும்பி நடக்கும்போது தகட்டுக்காரர் என் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தி, "இந்த இடத்தை முதல்ல வரைபடத்துல குறிச்சது நீங்கதானே?" என்றார். குத்திக்காட்டவில்லை, எச்சரிக்கத்தான் சொன்னார். இதைக் கிளறினால் முதல் அடி எனக்குத்தான் விழும்.

எனக்கு அது மறந்திருக்கவில்லை. பழைய பெட்ரோல் காரில் பெட்ரோல் மூடி அதே இடத்தில் இருந்தது. பங்க்கில் நிறுத்தி நிரப்புகிற வண்டிக்கு அது எந்தப் பக்கம் இருந்தால் என்ன? அந்த ஓட்டையையே சார்ஜுக்கும் வைத்துக்கொண்டால் புது அச்சு வேண்டாம் என்று மூன்று வருடம் முன்பு சொன்னது நான். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை அன்றைக்கே போய் அக்காவிடம்தான் சொன்னேன். என் தங்கச்சி மூளையே மூளை என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். நானும் வளாகத்துக்குள்தான் சோதித்தேன். விசிலுக்குப் பயந்து ரிவர்ஸில் போட்டுச் சோதித்தேன்.

அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் ஏன் அவ்வளவு எரிச்சல் வந்தது என்று அப்போது புரிந்தது. அவள் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டபோது எனக்கு உள்ளே எங்கோ நிம்மதியாக இருந்திருக்கிறது. முடிஞ்சுபோச்சுவுக்கு இருந்த அதே நிம்மதி. அதைத் தெரிந்துகொண்டதும் கோபம் தணியவில்லை, இன்னும் பெரிதானது. இப்போது அந்தக் கோபம் என் மேலும்தான்.

அறைக்குப் போனதும் அறிக்கையில் அவர் எழுதியிருந்த காரணத்தை அடித்தேன். சார்ஜ் போடும் இடம் தவறு, அதைக் குறித்தது நான், கம்பெனி வளாகத்துக்கு வெளியே ஒரு முறைகூடச் சோதிக்கவில்லை என்று எழுதினேன். நடைபாதைப் பக்கம் மாற்றும்வரை விற்பனைக்கு அனுப்பக் கூடாது என்றும் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

முடிஞ்சுபோச்சு எட்டிப் படித்தார்.

"உனக்கு நீயே ஆப்பு வச்சுக்கறம்மா. நாளைக்கு உன்னை யாரு காப்பாத்துவா? கிழிச்சுப் போடு, வேற படிவம் தரேன்."

"எனக்குப் பேரு இருக்கு சார். ம்மான்னு கூப்பிடாதீங்க."

தகட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரும் கையெழுத்துப் போடுவார் என்று ஒரு நொடி ஆசைப்பட்டேன். அவர் திரும்பவில்லை. அவர் மேல் கோபப்பட எனக்கு நேரம் இல்லை.

விபத்து அறிக்கைகளைப் பதிவு செய்யும் பாதுகாப்புப் பிரிவு கீழ்த்தளத்தில் இருக்கிறது. லிப்டுக்குக் காத்திருந்தால் மனம் மாறிவிடுமோ என்று அறிக்கையோடு படியிலேயே இறங்கினேன். அங்கிருந்த எழுத்தர் அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"தப்பு செஞ்சது யாருங்கற இடத்துல உங்க பேரே இருக்கே. மாத்தி எழுதிட்டீங்களா?"

"இல்ல. சரியாத்தான் எழுதியிருக்கேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முத்திரையை மையில் அழுத்தி, குத்தினார்.