கதவுக்குப் பின்னால் கோப்பி

அப்பாவின் தோல் செருப்பைக் கடித்துப் போட்டதற்காகத்தான் அனுப்ரியா முதன்முதலாகக் கோப்பியை அடித்தாள். அப்பா ரெங்கசாமி இறந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது, செருப்பு கூடம் முழுக்கத் துண்டு துண்டாகக் கிடந்தது. செய்தித்தாளைச் சுருட்டி முதுகில் இரண்டு வைத்தாள். கோப்பி வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு தரையோடு தரையாக ஒடுங்கியது. செய்த தப்பு அதற்குத் தெரிந்திருக்கிறது என்றுதான் நினைத்தாள்.

கோப்பி அப்பாவின் நாய். வீவக என்ற அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் வைத்துக்கொள்ள அனுமதி உள்ள, சின்ன உருவமுள்ள கலப்பின நாய். ஓய்வு பெற்ற பிறகு, மகள் வேலைக்குப் போனதும் தனியாக இருக்கப் பிடிக்காமல் அப்பா அதைத் தத்தெடுத்து வந்தார். புக்கிட் மேரா வீட்டில் இருவரும் நாள் முழுக்கச் சேர்ந்தே இருந்தார்கள். அவர் செய்தி பார்த்தால் அது காலடியில் படுத்திருக்கும். குளிக்கப் போனால் வாசலில் காத்திருக்கும். ஒருநாள் ஆம்புலன்ஸில் போனவர் திரும்பவில்லை. அனுப்ரியாவுக்குச் சிராங்கூன் ரோட்டில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள்.

செருப்புக்குப் பிறகு சோபா போனது. அப்புறம் கதவின் கீழ்ப்பக்கம் பிறாண்டப்பட்டு மரம் செதில் செதிலாக உரிந்தது. ஒவ்வொரு தடவையும் திட்டினாள், சில தடவை அடித்தாள். சேதம் கூடிக்கொண்டேதான் போனது.

கடைக்கு வந்த ஒருவர் சொல்லித்தான் திவ்யதர்ஷினியைக் கூப்பிட்டாள். நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். வீட்டுக்கு வருவதற்கு முன்பே, "பழைய போன் இருந்தா கூடத்துல வச்சு ரெக்கார்ட் பண்ணுங்க. நீங்க போனதும் என்ன நடக்குதுன்னு பார்ப்போம்" என்றாள்.

சனிக்கிழமை இருவரும் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். அனுப்ரியா வெளியே போய்க் கதவைச் சாத்தியவுடன் கோப்பி கதவருகே போய் நின்றது. உடம்பு நடுங்கியது. வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. பிறகு ஊளையிட ஆரம்பித்தது. இரண்டு முன்னங்கால்களாலும் கதவைப் பிறாண்டியது; நகத்தில் ரத்தம் வந்தும் நிறுத்தவில்லை. களைத்துப் போய் அப்பாவின் சட்டையை இழுத்து வந்து கடித்துக்கொண்டே படுத்தது.

"என் மேல கோபத்துல செய்யுதுன்னு நினைச்சேன்" என்றாள் அனுப்ரியா.

"கோபம் இல்லக்கா. பயம். தனியா இருந்தா செத்துடுவோம்ங்கிற மாதிரி பயம்."

"ஆனா நான் வந்ததும் தப்பு செஞ்ச மாதிரி பம்முதே?"

"கதவு திறந்தா அடி விழும்னு அதுக்குத் தெரியும். அவ்வளவுதான். எதுக்கு அடின்னு தெரியாது. போனவங்க வரலைன்னு ஒரு பயம், வந்தா அடிப்பாங்கன்னு இன்னொரு பயம்."

அனுப்ரியா செய்தித்தாள் வாங்குவதையே நிறுத்திவிட்டாள்.

திவ்யதர்ஷினி சொன்ன வழி எளிமையானதுதான். சாவியை எடுத்துவிட்டு எங்கேயும் போகாமல் உட்கார வேண்டும். கதவைத் திறந்து மூட வேண்டும். வெளியே ஒரு கணம் நின்று, நாய் பயப்படுவதற்கு முன் திரும்பி வர வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்ட வேண்டும். அனுப்ரியா விடுப்பு எடுத்துக்கொண்டு இதையே செய்தாள். மின்தூக்கிக்குப் பக்கத்தில் நின்று போனில் கோப்பியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் கால் மணி நேரம் அது ஊளையிடாமல் படுத்தபடியே இருந்தது. அவள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள்.

"ஆனா ஒண்ணு" என்று திவ்யதர்ஷினி முதலிலேயே சொல்லியிருந்தாள். "பழகி முடியற வரைக்கும் அது தாங்கறதுக்கு மேல தனியா விடக்கூடாது. ஒரு நாள் விட்டாக்கூட பழையபடி ஆயிடும் லா."

விடுப்பு முடிந்தது. முதலாளி நல்லவர்தான், ஆனாலும் கடையில் நாய்க்கு இடமில்லை. பகலில் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் விட்டாள். மதியமே கூப்பிட்டுவிட்டார்கள்: கூண்டுக் கம்பியைக் கடித்துக் கோப்பியின் பல் உடைந்திருந்தது. மருத்துவர் கொடுத்த மாத்திரை அதைத் தள்ளாட வைத்ததே தவிர, பயத்தைக் குறைக்கவில்லை. வேறு வழியில்லாமல் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். அன்றே பழையபடி ஊளை கிளம்பியது.

அந்த வாரம்தான் பக்கத்து வீட்டு ஒலி முகம்மது பக்கவாதம் வந்து, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியிருந்தார். அவர் மனைவி ஆமினா பீவி இரும்புக் கதவுக்கு வெளியே வந்து நின்றார்.

"அனு, உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா. அவங்களால தூங்கவே முடியல. அது கத்தறப்போ அவங்களும் அழறாங்க."

"சாரி ஆன்ட்டி. நான் எல்லாம் செஞ்சு பார்த்துட்டேன்."

"தெரியும்மா. கம்ப்ளைன் பண்ணுவோம்னு மகன் சொல்றான். நான்தான் வேணாம்னுட்டேன். உங்கப்பா முகத்துக்காக."

புகார் கொடுத்திருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம்.

தெரிந்தவர்கள் எல்லாரையும் கேட்டாள். நாள் முழுக்க வீட்டில் ஆள் இருக்கும் குடும்பம் ஒன்று புக்கிட் பாஞ்சாங்கில் கிடைத்தது. அவர்கள் ஒரு திருமணத்துக்குப் போய்த் திரும்பியபோது கதவு பிறாண்டப்பட்டு நாசமாகியிருந்தது. நாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் இருந்த காப்பகத்தில் அதை விட்டாள். அவள் நடந்து போகும்போது அதன் குரல் வாசல்வரை வந்தது.

அடுத்த மாதம் பார்க்கப் போனாள். காப்பகத்தில் வேலை பார்க்கும் ஜெய் சிரித்த முகத்தோடு வந்தான்.

"இப்ப ரொம்ப சமர்த்துக்கா. சத்தமே இல்ல. எதையும் கடிக்கறதில்ல. நாங்க வந்தாலும் போனாலும் படுத்தே கிடக்கும்."

கோப்பி மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. வைத்த சோறு அப்படியே இருந்தது. "கோப்பி" என்று கூப்பிட்டாள். ஒரு காது மட்டும் அசைந்தது. கையை நீட்டித் தடவினாள். அது விலகவும் இல்லை, நெருங்கவும் இல்லை.

வெளியே வந்து திவ்யதர்ஷினிக்குப் போன் செய்தாள். "பயம் போயிடுச்சா?"

"இல்லக்கா. கத்தினா யாரும் வரமாட்டாங்கன்னு புரிஞ்சா, சில நாய்ங்க கூப்பிடறதையே விட்டுடும்."

"நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடட்டுமா?"

"கூட்டிட்டுப் போனா, திங்கட்கிழமை நீங்க வேலைக்குப் போறப்போ?"

அனுப்ரியா போனை அணைத்தாள். பேருந்து வந்தது, ஏறினாள்.

வீட்டு வாசலில் ஆமினா பீவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "அவங்க இப்பல்லாம் மத்தியானத்துல நல்லா தூங்கறாங்கம்மா. அல்லா உனக்கு நல்லது செய்வான்" என்றார்.

"சந்தோஷம் ஆன்ட்டி" என்றாள் அனுப்ரியா.